ஆபீஸுக்கா, சாமிக்கா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் சில மாதங்களுக்கு முன் மதநல்லிணக்கக் கூட்டம் நடந்தது. மேடையில் காவி வேட்டியில் ஒரு சாமியார், வெள்ளை அங்கியில் ஒரு பாதிரியார், தொப்பியணிந்த ஓர் இமாம். எல்லா ஆறும் கடலில்தான் கலக்கிறது என்று மூவரும் வெவ்வேறு சொற்களில் பேசினார்கள். கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சால்வை, சுண்டல், டீ. வெறுப்புப் பேச்சு மலிந்த இந்தக் காலத்தில் இதுவும் தேவைதான். நான் குறை சொல்லப் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் சாதி என்ற சொல் மேடையிலிருந்து ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

என்னோடு ஓர் அக்கா வந்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரின் கீழ் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்பவர். இந்தப் பகுதியின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு என்பதால் பழக்கம். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், பாதியில் நின்றிருந்த அவருடைய கேள்விப் படிவத்தை எடுத்தேன். மதம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“அக்கா, உங்க மதம் இன்னான்னு போடட்டும்?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாத்துக்குக் கேக்குற தம்பி? ஆபீஸுக்கா, சாமிக்கா?”

மேடையில் மூன்று பேர் இரண்டு மணி நேரம் பேசிச் சொல்லாத ஒன்றை அக்கா ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அக்காவின் சாதிச் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டில் இருப்பார். கணவர் குடியில் விழுந்து கிடந்த வருடங்களில் வீடு தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அந்தச் சபைக்காரர்கள். அங்கே அவருக்கு வேறொரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. இருக்கவும் கூடாது. இருந்தால், கல்லூரியில் படிக்கும் மகளின் சான்றிதழுக்கு ஆபத்து.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் நிற்கும் ஊர்களின் சேரிகளில் நடந்து பாருங்கள். பீரோவில் ஒரு மதமும் நெஞ்சில் இன்னொரு மதமும் வைத்திருக்கும் வீடுகளைக் காண்பீர்கள். ‘கள்ளக் கிறித்தவர்கள்’ என்று இவர்களைக் கேலி பேசுகிறார்கள். இந்தக் கள்ளத்தைச் செய்யவைத்தது யார் என்பதைப் பார்ப்போம்.

1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்காகவும் 1990இல் பௌத்தர்களுக்காகவும் அந்தப் பத்தி திருத்தப்பட்டது. கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போன தலித்துக்குக் கதவு இன்றுவரை மூடியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றை மாநில அரசு அவர்களுக்கும் தருகிறது. பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவும் முடியாது. அடிக்கிறவன் அடிபடுகிறவரின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

சென்னையில் காந்தி - இர்வின் பாலச் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அதே சாலையில் அதே தொழில் செய்த இந்துவுக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் வழக்கு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் இழிவும் துன்பமும் புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்வதை நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற மனிதர் இதைவிட வேறு எதைக் கொண்டுவந்து நிரூபிப்பார்?

2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. கிறித்தவ வழிபாட்டில் இருந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் தன்னை இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. தீர்ப்பு வந்த வாரத்தில் அக்காவிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. அரசமைப்பின் 25ஆவது உறுப்பு எவரும் தம் மனச்சான்றின்படி நம்பலாம், அதை வெளிப்படையாகச் சொல்லலாம் என்கிறது. அந்த உறுப்பை நம்பி உண்மை சொன்னால் சான்றிதழ் போகும். சான்றிதழை நம்பிப் பேசாமல் இருந்தால் மோசடிக்காரர். இரண்டில் எதை எடுத்தாலும் தண்டனை உண்டு என்று ஒரு குடிமகளிடம் சொல்லும் நாட்டில், மதங்களுக்கிடையே மரியாதையான உரையாடல் எங்கிருந்து தொடங்கும்?

உரையாடலுக்கு முதல் தேவை, நான் இன்னார், இன்னதை நம்புகிறேன் என்று பயமில்லாமல் சொல்ல முடிவது. மேடையில் இருந்த மூவருக்கும் அது இயல்பாக இருந்தது. கீழே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது இல்லை. அதனால்தான் அந்தக் கூட்டம் மதங்களின் பிரதிநிதிகள் பேசிக்கொண்டதாக முடிந்ததே ஒழிய, மனிதர்கள் பேசிக்கொண்டதாக ஆகவில்லை.

சரி, 3ஆம் பத்தியை நீக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அரசைக் கேட்கிற அதே கேள்வியை மதங்களிடமும் கேட்டாக வேண்டும். இதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தோக்கமூர் என்றொரு கிராமம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டி, தலித்துகள் வரக்கூடாதென்று எழுப்பப்பட்டிருந்த சுவர் ஆண்டுக்கணக்கில் நின்றது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2022 அக்டோபரில்தான் அதிகாரிகள் வந்து இடித்தார்கள். சுவரின் இரண்டு பக்கமும் இருந்தவர்களை அரசுப் பதிவேடு ஒரே மதத்தவர் என்றுதான் சொல்கிறது. பிற மதத்தவரோடு நல்லிணக்கம் பேசப் புறப்படுகிறவர்கள், தம் மதத்துக்குள் எழுப்பிய சுவரைப் பற்றி முதலில் பேசிவிட்டுப் புறப்படட்டும்.

தேவாலயங்களுக்கும் இது பொருந்தும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளையும் மற்றவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி இந்த இயக்கத்தில் இருக்கிற எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச்சில் வன்னியக் கிறித்தவர்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் மூண்ட மோதல், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போய் முடிந்தது. அவர்கள் ஒரே பங்கின் மக்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டின் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. பெரும்பான்மையினர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஆயர்களின் வரிசையையும் பாருங்கள்.

ஒப்புக்கொண்டதை நான் சிறிதாக நினைக்கவில்லை. தன் வீட்டு அழுக்கைத் தானே சொல்வதில்தான் உரையாடல் தொடங்குகிறது. அதை ஒரு லைன் வீட்டில் நேரில் பார்த்தேன்.

சிப்காட்டைச் சுற்றி இருக்கும் லைன் வீடுகளில் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். பகல் ஷிப்ட் போகிறவன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுப்பான். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல ஊர்க்காரர்கள். இதை அப்படியே சமத்துவபுரம் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கேயும் புதிதாக வருகிறவனிடம் முதலில் பெயரையும் அடுத்து பெயரின் பின்பாதியையும் கேட்கிறார்கள். அந்தப் பின்பாதியைப் பொறுத்துத்தான் யார் சமைப்பது, யார் பாத்திரம் தனி என்பது முடிவாகிறது.

அந்த அறையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்த பீகார் இளைஞனிடம் நம்மூர்த் தம்பி ஒருவன் கேட்டான்: “உங்க மதத்துல இந்த சாதி எல்லாம் கிடையாதுல்ல?” பொறாமையோடு கேட்டது போலத்தான் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சொன்னான்: “புஸ்தகத்துல கிடையாது பாய். எங்க ஊர்ல கப்ரிஸ்தான் ரெண்டு இருக்கு.”

நம்மூர்த் தம்பியின் பாட்டி கிறித்தவர். அவன் சொன்னான்: “எங்க ஆயாவ புதைச்ச எடத்துலயும் ரெண்டுதான்.”

அதற்குப் பிறகு அவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருடைய வேதத்தையும் புகழவில்லை, இழிக்கவும் இல்லை. செத்தவர்களுக்கு நடுவே சுவர் கட்டிய மனிதர்களைப் பற்றிப் பேசினார்கள். பீகாரில் 1998இல் அலி அன்வர் பஸ்மாந்தா முஸ்லிம் மகாஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, இஸ்லாமியருக்குள் இருக்கும் சாதியை வெளிப்படையாகப் பேசவைத்தார் என்பதை அந்தத் தம்பிக்கு நான் பிறகு சொன்னேன். ‘பஸ்மாந்தா’ என்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்கள் என்று பொருள். “அப்போ நாமளும் பஸ்மாந்தாதான்” என்றான். மண்டபத்தில் கிடைக்காத மதநல்லிணக்கம் எனக்கு அங்கே கிடைத்தது.

பிறர் மதத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் மரபு அப்படி இல்லை. அயோத்திதாசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1898இல் அவர் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டைச் சந்தித்தார். இலங்கைக்குச் சென்று சுமங்கல தேரரிடம் பௌத்தம் தழுவினார். திரும்பிவந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஓர் அமெரிக்கர், ஒரு சிங்களப் பிக்கு, ஒரு தமிழ்ப் ‘பஞ்சமர்’ என்று மொழியும் நாடும் வேறான மூவருக்கிடையே நடந்த உரையாடல் அது. அயோத்திதாசர் அங்கே கருணை கேட்டு நிற்கவில்லை. நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்களுடையதை மீட்க வந்திருக்கிறோம் என்ற உரிமையோடு பேசினார்.

அம்பேத்கரையும் பாருங்கள். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையைப் படித்துப் பயந்து மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் உரையைத் தன் செலவில் அச்சிட்டார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் மறுத்து எழுதினார். அடுத்த பதிப்பில் அம்பேத்கர் என்ன செய்தார் தெரியுமா? காந்தியின் மறுப்பை முழுமையாகத் தன் நூலிலேயே சேர்த்து, அதன் பக்கத்தில் தன் பதிலை வைத்தார். எதிராளியின் வாதத்தை வெட்டாமல் மறைக்காமல் வாசகர் முன் வைப்பதும், பிறகு தயவு தாட்சண்யம் பார்க்காமல் பதில் சொல்வதும்தான் மரியாதை. காந்தியைக் கடுமையாகச் சாடிய அந்தப் பக்கங்களில், காந்தியை வாசகர் படிக்கக் கூடாது என்ற எண்ணம் துளியும் இல்லை.

1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்ததற்கும் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றதற்கும் இடையே 21 ஆண்டுகள். அந்தக் காலத்தில் பல மதத்தவரும் அவரைத் தேடி வந்தார்கள். உங்கள் மதத்தில் எனக்கு என்ன மதிப்பு, என் மக்களுக்கு என்ன இடம் என்றே அவர் எல்லோரிடமும் கேட்டார். வெளியேறும் உரிமை கையில் இருந்ததால்தான் அந்தக் கேள்விக்கு வலு இருந்தது. வெளியேறக் கூடாது என்று பூட்டிவிட்டு உள்ளே மரியாதையைப் பற்றிப் பேசுவது ஆண்டை பேச்சு.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்தார்கள். எவ்வளவு பணம் வாங்கினீர்கள் என்ற கேள்விதான் பெரிதாக ஒலித்தது. ஏன் போனீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு, பதிலைக் கேட்க உட்கார்ந்தவர்கள் சிலர்தான். 2002இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டத்தின் அடியில் இருந்த எண்ணம் மட்டும் போகவில்லை. தலித்துக்குச் சொந்த புத்தி கிடையாது, யாரோ ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதே அது.

இந்த இடத்தில் நம் பக்கமும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைப் போலவே கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். தகரக் கொட்டகையில் கை தட்டிப் பாடுகிற பெண்களை ‘அல்லேலூயா கோஷ்டி’ என்று நாம் கிண்டல் செய்ததில்லையா? நான் செய்திருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் அதைப் பகுத்தறிவு என்று நினைத்தேன். கம்பெனியில் கழிவறை கழுவுகிறவர், “ஏய்” என்று மட்டுமே அழைக்கப்படுகிறவர், வாரத்தில் ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து, “சகோதரி” என்று அழைக்கப்பட்டு, மைக்கைப் பிடித்துத் தன் துன்பத்தைப் பத்துப் பேர் கேட்கச் சொல்கிறார். அந்த ‘சகோதரி’ என்ற சொல்லை நம் அமைப்புகள் அவருக்கு எத்தனை முறை கொடுத்திருக்கின்றன? போதகர்களின் வசூலையும், நோய்க்கு மருந்து வேண்டாம் ஜெபம் போதும் என்று சொல்கிறவர்களையும் நான் எதிர்க்கிறேன். அக்காவிடமே அதைச் சொல்லியிருக்கிறேன். சண்டை போடுவார்; டீயும் போட்டுக் கொடுப்பார். அந்த அளவுக்குச் சண்டை போட முடிவதும் மரியாதைதான்.

கோரிக்கைகள் புதியவை அல்ல. 1950 ஆணையின் 3ஆம் பத்தி நீக்கப்பட வேண்டும். மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி வழங்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே பரிந்துரைத்துவிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசோ 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்து, அதற்குக் காலநீட்டிப்பும் கொடுத்தது. ஆணையங்கள் ஆராயட்டும், இடையில் ஒரு தலைமுறை படித்து முடித்து வேலை தேடும் வயதைத் தாண்டிவிடுகிறது. அதேபோல், கல்லறைச் சுவர்களை இடிக்க ஒவ்வொரு மதத்தின் தலைமையும் நாள் குறிக்க வேண்டும்.

நல்லிணக்கக் கூட்டம் நடத்தியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு யோசனை கேட்டார்கள். மேடையில் நான்காவதாக ஒரு நாற்காலி போடுங்கள், அதில் பக்கத்துக் காலனியிலிருந்து ஒருவரை உட்காரவையுங்கள், மற்ற மூவரும் முதல் அரைமணி நேரம் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும் என்றேன். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் தேதி சொல்லவில்லை.

அக்காவின் படிவத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, வேலை செய்யும் கம்பெனி இல்லை. நான் எழுதும் ஒரு வரி அவர் மகளின் சான்றிதழைப் பறித்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் சொல்ல அவர் அனுமதி கொடுத்தார். வீட்டில் மாமியார் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். கேழ்வரகு மாவைக் கரைப்பதும் வெங்காயம் உரிப்பதும் மருமகளான அக்காதான். படைத்ததை அக்கா சாப்பிட மாட்டார். இதைப் பற்றி அந்த வீட்டில் வாக்குவாதம் நடந்திருக்கிறது, சில நாட்கள் பேச்சே இல்லாமலும் இருந்திருக்கிறது.

“இப்போ இன்னா பண்றீங்க?” என்று கேட்டேன்.

“படைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குன்னு ஒரு சொம்பு எடுத்துத் தனியா வச்சிடும் தம்பி, எங்க மாமியாரு.”